ஈரலில் ஓர் எண், தொடையில் ஓர் எண்

கட்டிகளுக்குள் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று ஸ்கேன் எடுத்து அளப்பது அவருடைய வேலை. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து மைக்கில், "மூச்சை இழுத்துப் பிடிங்க... இப்ப விடுங்க" என்பார், பிழைக்க வந்த வெளிநாட்டின் மொழியில். சில நாள் அவர் வாயிலிருந்து வரும் பேச்சே அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. "உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தா அவளையும் மூச்சை விடச் சொல்லியிருப்ப" என்று அக்கா போனில் கேலி செய்வாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் அவள் கேலி செய்யவில்லை. புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த தன் கணவரின், இவருடைய மாமாவின், புது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"ரத்த ஓட்டம்னு போட்டிருக்குடா. போன தடவை நூத்திப் பத்து. இப்ப முப்பத்தெட்டு."

"அக்கா! கட்டிக்குப் போற ரத்தம் குறைஞ்சிருக்கு. மருந்து வேலை செய்யுது!"

சொன்ன வேகத்தில் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. அக்கா அழுதாள். ஊசிக்கு ஊசி வாந்தியெடுத்து அலுத்துப்போயிருந்த மாமா, மருந்தை மாற்றுவது பற்றிப் பேச டாக்டர் கொடுத்திருந்த திங்கட்கிழமைச் சந்திப்பை அன்றைக்கே ரத்து செய்துவிட்டார்.

மறுநாள் அக்கா அனுப்பிய ஸ்கேன் படங்கள் போனில் வந்தன. பழைய படத்தில் அளவெடுத்த வட்டம் ஈரலில் இருந்த கட்டி மேல். புதியதில், தொடையில் இருந்த கட்டி மேல். ஒரே நோய்தான், ஆனால் ஈரலில் குடியேறிய கட்டி ரத்தத்தை வாரிக் குடிக்கும், தொடைத்தசையில் இருப்பது பெரும்பாலும் சிக்கனமாகக் குடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. தினமும் எண்ணை எழுதுவதற்கு முன் இடத்தை எழுதுகிறவர், தன் வீட்டு விஷயத்தில் இடத்தைக் கேட்கவே மறந்துவிட்டார்.

நோயாளிகள் உடை மாற்றும் சின்ன அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"அக்கா, நேத்து நான் சொன்னது தப்பு. ரெண்டும் வேற வேற இடம். தொடையில ரத்தம் கம்மியா ஓடுறதை வச்சு நோய் குறையுதுன்னு சொல்ல முடியாது. திங்கக்கிழமை கண்டிப்பா போகணும்."

"நேத்துதான்டா அவர் வயிறாரச் சாப்பிட்டார்" என்றாள் அக்கா.

மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். "என்ன மாப்ள, ஊரான் உடம்பையெல்லாம் அலசிப் பார்க்கிறவன் என் உடம்புல ஈரல் எது, தொடை எதுன்னு தெரியாம முழிச்சியா?"

"மன்னிச்சிடுங்க மாமா. கேட்டிருக்கணும். சந்தோஷத்துல கேக்கலை."

மாமா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"சரி, போறேன். டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேக்குறேன். ஆனா அவர் சொல்றதை உக்கார்ந்து கேட்டு நீதான் எங்களுக்குச் சொல்லணும். போன்ல வேணாம். போன்ல நீ அவசரப்படுற."

மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிவந்திருந்தார். கிடைக்காததால் அல்ல, மாமாவை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயம்.

"ஞாயித்துக்கிழமை அங்க இருப்பேன்."

"இதாவது சரியான தகவலா?"

"சரியான தகவல்தான் மாமா."

கதவை யாரோ தட்டினார்கள். அவர் விமான டிக்கெட் தேடத் தொடங்கியிருந்தார்.