வெள்ளை ஊரில் ஒரு புருசெத்காரர்

இலையுதிர்கால விடுமுறைக்கு ஒஸ்லோவிலிருந்து வெய்யில் தேடி ஸ்பெயினின் தெற்குக்குப் போனோம்: நான், கணவர், பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற மகள். கடற்கரை முழுக்க நோர்வேக்காரர் என்று மகள் முகத்தைச் சுளித்தாள். அதனால் ஒரு நாள் பஸ் பிடித்து மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊருக்குப் போய், செங்குத்தான தெருக்களில் ஏறினோம். எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்து, கண் கூசுகிற வெள்ளை.

"திருவிழாவுக்கு வெள்ளையடிச்ச கோயில் மாதிரிக் கிடக்கு. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் ஏறினனாங்கள்?" என்றார் கணவர், மூச்சு வாங்க.

எனக்குத் தலையிடி. மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குள் போனால், அங்கே ஒரு நோர்வேக் கிழவர் முழங்காலைக் காட்டித் தன் மொழியிலேயே கத்திக்கொண்டு நின்றார். சத்தத்தைக் கூட்டினால் கடைக்காரப் பெண்ணுக்கு விளங்கிவிடும் என்று நினைத்தாராக்கும். பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிற மகள் இடையில் புகுந்து மொழிபெயர்த்தாள். பூசுகிற மருந்து கிடைத்தது.

"நீ நோர்வே மொழி நன்றாகப் பேசுகிறாய்," என்று அவளைப் பாராட்டினார்.

"நீங்களும்தான்," என்றாள், ஒஸ்லோவில் பிறந்த என் மகள்.

அவர் மகிழ்ந்துபோய் எங்களை வீட்டுக்குக் கோப்பி குடிக்கக் கூட்டிப்போனார். பன்னிரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறாராம்.

"ஸ்பானிஷ் படிக்கவில்லையா?" என்று கேட்டேன். நோர்வேயில் வேலை தேடிய காலத்தில் போன இடமெல்லாம் என்னிடம் கேட்ட கேள்விதான், மொழி மட்டும் வேறு.

"இவர்கள் சரியான வேகமாகப் பேசுகிறார்கள். எங்களுக்கு எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் நாட்டுப் பிரவுண் சீஸும் ஊரிலிருந்து வரும்." யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்கு மிளகாய்த்தூள் வருகிற மாதிரி. "இங்கத்தைய ஆட்களின் திருவிழாச் சத்தம்தான் தாங்க முடியவில்லை."

"பிறகு ஏன் நோர்வேயை விட்டு வந்தீர்கள்?" என்றார் கணவர்.

"எங்கள் பக்கம் முழுக்க வெளிநாட்டுக்காரர் வந்துவிட்டார்கள்."

"எந்தப் பக்கம்?"

"புருசெத்."

ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கிற அதே புருசெத். மகள் கூரையைப் பார்த்தாள். நான் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தேன். கணவரோ, யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கை என்று விசாரிக்கிற அதே ஆவலோடு, "எந்த புளொக்?" என்றார்.

எங்கள் புளொக்குக்கு அடுத்தது. கணவர் அதைச் சொன்னதும் கிழவர் எழும்பி வந்து அவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அட, நம்ம ஊர்க்காரர்!" லிஃப்ட் இன்னும் பழுதாகிறதா, பனி கொட்டத் தொடங்கிவிட்டதா, நிலக்கீழ் ரயில் நேரத்துக்கு வருகிறதா என்று கேள்விமேல் கேள்வி. தான் சற்றுமுன் சொன்னது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. கண் கலங்கியதும் உண்மை.

இறங்கி வரும்போது மகள் கொதித்தாள். "அப்பா, நீங்கள் ஏன் அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"பாவமடி," என்றார் அவர். "பாஷை தெரியாத நாட்டிலை வந்து கிடந்து கஷ்டப்படுறார்."