பதனமாக இறங்கிய கல்

ஆனைக்குட்டம் அணை நிரம்பியிருந்த சமயம். அணை நடுவே உள்ள மணல்திட்டில் வலை உதறுபவர்களிடமே போய் மீன் வாங்கி வருகிறேன் என்று வீட்டில் வீரம் பேசிவிட்டுப் படகில் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது நடுத்தண்ணீரில்தான் நினைவு வந்தது.

படகுக்காரருக்குப் புருவங்களே இல்லை. அதனால் அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

படகின் முன்பக்கம் திட்டில் ஏறி நின்றது. பின்பக்கத்தைக் காற்று தள்ள, படகு திரும்பிச் சாய்ந்தது. பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம், கயிற்றில் கட்டிய ஒரு கல்தான். அதை அவர் நிறைகுடத்தை இறக்குவதுபோல மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார்.

“தூக்கிப் போடுங்கண்ணே, கவுந்துரும்!” என்று அலறினேன். குலசாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்தேன். போதாதென்று உடனே இரண்டாக்கினேன்.

“பதறாதீக அண்ணாச்சி. இடுப்பளவு தண்ணிதான்.”

கல் அடியில் உட்கார்ந்ததும் கயிறு விறைத்தது, படகு அடங்கியது.

போன மானத்தில் கொஞ்சத்தையாவது மீட்க, “ஏண்ணே, கல்லைப் போட்டா வெடிக்கவா செய்யும்?” என்றேன்.

“வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. கைக்குத் தெரியலயே. பட்டாசு கம்பெனியில மருந்து கலக்குன கை. கூட இருந்தவன் ஒருநாள் டப்பாவ டொக்குன்னு வச்சான்.”

புருவம் இருக்க வேண்டிய இடத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். நான் மெல்லத் திட்டில் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து மீன் பையைத் தரையில் வைத்தேன்.

“என்ன, மீனு தூங்குதா? இம்புட்டுப் பதனமா வைக்கீக!” என்றாள் மனைவி.

சிரிக்கத்தான் நினைத்தேன். அந்த இல்லாத புருவங்கள் விடவில்லை.