ஜெபகனி சொன்ன 'நாளைக்கு'

ஜெபகனி சிஸ்டர் பொய் சொல்ல மாட்டார். பிரஷர் பார்க்க மறந்துவிட்டால்கூட, மறந்துவிட்டேன் என்று நோட்டில் எழுதி வைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் நாலு வருஷமாகத் தினம் மூன்று வேளை ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கௌஸ் முகம்மது, கீழக்கரைக்காரன். துபாய்ப் பக்கம் புஜைராவில் ஒரு அரபி வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவர். ஜெபகனி அதே வீட்டில் நர்ஸ். உவரிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர். அவர் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெரியவரை. பாபா என்போம். எண்பதைத் தாண்டிய மனுஷர், நினைவு போய்விட்டது. நல்லா இருந்த காலத்தில் "கௌஸ், வண்டியை எடு" என்று அவர் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். இப்போது என் பேர் மட்டுமா, பெற்ற மகன் உபைதையே யார் என்று கேட்பார். மிஞ்சியிருந்தது ஒரே கேள்வி: "ரஷீத் எங்கே?"

ரஷீத் அவருடைய தம்பி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மீன் பிடிக்கப் போய்க் கடலோடு போனவர். உண்மையைச் சொன்னால், பாபா அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் மாரில் அடித்துக்கொண்டு அழுவார். அதனால் ஜெபகனி கஞ்சிக் கரண்டியை நீட்டி, "புக்ரா, பாபா. நாளைக்கு வருவார், வாயைத் திறங்க" என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொல்வார். வாய் திறக்கும்.

"என்ன சிஸ்டர், வேதக்காரங்க பொய் சொல்லலாமா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"எங்கண்ணன் புயல்ல போயி ஏழு வருஷம் ஆச்சுண்ணே. பொணம் கெடைக்கல. எங்கம்மா இன்னும் அவனுக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்து வைக்கா. நாளைக்கு வருவாம்மான்னுதான் நானும் போன்ல சொல்லுதேன். இவருகிட்ட மட்டும் வேற என்னத்தச் சொல்ல?"

அதற்குப் பிறகு நான் சீண்டவில்லை.

போன பிப்ரவரியில் உபைதுக்கு நியூஸிலாந்து ஆசை வந்தது. ஏரிக்கரையில் கேரவன் போட்டுத் தங்க வேண்டுமாம். குடும்பத்துக்கு ஒரு வண்டி, பாபாவுக்கும் ஜெபகனிக்கும் ஒன்று, எனக்கு அதன் டிரைவர் சீட்டு. ராத்திரி கால் நீட்ட இடமில்லை. நான் என்ன ஸ்டெப்னி டயரா? கேட்க முடியுமா!

ரோட்டொருவா ஏரிக்குப் போனோம். தரையிலிருந்தே புகை கிளம்பும் ஊர். எங்கு பார்த்தாலும் அழுகின முட்டை வாடை. உபைதின் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இங்கிலீஷில் கத்தினார்கள். பாபா மட்டும் ஏரியைக் கடல் என்று நினைத்து, தோணி எங்கே என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கூடும் வீட்டைப் பார்க்கப் போனோம். சிவப்பு மரச் சிற்பங்கள், கண்ணுக்குச் சிப்பி. ஒரு பெண்மணி நீளக் குரலில் எங்களை அழைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். பேச்சும் பாட்டும் முடிந்ததும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரோடும் மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைத்தார்கள். அட, நம் அரபிகள் பண்ணுகிறதுதானே இது! புஜைராவிலும் ஆண்கள் சந்தித்தால் மூக்கோடு மூக்கு உரசித்தான் சலாம் சொல்வார்கள். ஆனால் அது அவர்களுக்குள். இருபத்திரண்டு வருஷத்தில் என் மூக்கை யாரும் தேடி வந்ததில்லை. அங்கே டிரைவர் மூக்குக்கும் மரியாதை கிடைத்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாபாவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் வெள்ளைமுடிக்காரர் ஒருவர் குனிந்தார். மூக்கு பட்டதுதான் தாமதம், பாபாவின் கை எழுந்து அவர் கழுத்தைப் பிடித்தது.

"ரஷீத்! இத்தனை நாள் எங்கேடா போயிருந்தாய்?"

வெள்ளைமுடிக்காரருக்கு அரபி தெரியாது. ஆனால் கையை உதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பாபா வலையைப் பற்றி, உம்மாவைப் பற்றி, யாரோ திருடிப் போன ஒரு துடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு பிஸ்கட்டைத் தானே எடுத்துத் தின்றார். நாலு வருஷமாக ஊட்டிய ஜெபகனி வாயில் கை வைத்து நின்றார்.

ஒரு மணி நேரம் போனது. அடுத்த பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்த மனுஷர் வாட்சைப் பார்த்தார். அவரை என்ன குற்றம் சொல்ல? "கலாஸ், போதும், கிளம்பலாம்" என்றார் உபைத். பிடியை விடுவிக்கும் வேலை ஜெபகனி தலையில் விழுந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். "புக்ரா, பாபா. நாளைக்குத் திரும்பி வருவோம்."

மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மறக்கவில்லை. பாழாய்ப்போன நினைவு, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டது. புஜைரா வந்த பிறகும் காலையில் கந்தூரா அங்கியை மாட்டி, ரஷீதைப் பார்க்கப் போகலாம் என்று நாற்காலியை வாசலுக்குத் தள்ளச் சொன்னார். முதல் வாரம் "புக்ரா" என்றதும் தலையாட்டினார். அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டார். கஞ்சி இறங்கவில்லை. ஏரியில் எடுத்த வீடியோவை ஜெபகனி காட்டினார், பாபா போனைத் தட்டிவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சாப்பிட வைக்கத்தானே உன்னை வைத்திருக்கிறது என்று ஜெபகனியிடம் சொன்னார் உபைத்.

மறுநாள் ஜெபகனி கார் ஷெட்டுக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, ஒரு தடவ நீங்க அவருக்கு மூக்கோட மூக்கு வச்சுப் பாருங்களேன். ரஷீத்துன்னு நெனச்சா ரெண்டு வாயாவது எறங்கும்."

"பைத்தியமா சிஸ்டர் ஒங்களுக்கு? உபைத் பாத்தா விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவான்."

"எனக்கு வேற வழி தெரியலண்ணே. அந்த வெரல நான்தானே பிரிச்சேன்."

போனேன். வேறென்ன செய்ய? தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் குனிந்தேன். ஜெபகனி கரண்டியோடு பக்கத்தில் நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூக்கை வைத்தேன்.

பாபாவின் கை எழுந்தது. என் கழுத்தைத் தொட்டது, கன்னத்தைத் தடவியது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். நாலு வருஷமாக யாரையும் தெரியாத கண்.

"நீ கௌஸ்" என்றார். "வண்டியை எடு. ரஷீத் காத்திருப்பான்."

நான் ஜெபகனியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாளைக்கு என்று சொல்ல இரண்டு பேருக்கும் நாக்கு எழவில்லை.