இடது பொத்தானும் ஒரு டேப் சுருளும்

எங்கள் நாடகக் குழுவைத் தொடங்கியவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மத்தூர்த் திருவிழா மேடையில் மைக்கைத் தேடி ஓடிப்போய் வசனத்தைக் கத்திக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அவர் வந்ததும் மைக்கைப் பிடுங்கினார், அரண்மனை வரைந்த திரையைச் சுருட்டி ஓரங்கட்டினார். "யார்கிட்டடா இப்டி கத்துற? வூட்ல பொண்டாட்டிகிட்ட இப்டிதான் பேசுவியா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒத்திகைக்குப் போவேன்.

அந்த முறை அவர் எழுதியது என்னைப் போன்ற பிரஸ் ஆபரேட்டரின் கதை. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் டை என்கிற இரும்பு அச்சு கீழே இறங்கும், கை உள்ளே மாட்டாது. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கிவிட்டு, வேகத்துக்காக ஒற்றைக் கையில் ஓட்டி மூன்று விரலை இழந்தவன். அன்றைக்கே மனைவி என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அப்படி ஒருநாளும் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

நாடகத்தன்று குழு நிறுவனர், ஒத்திகையில் மிஷினாக வைத்திருந்த அட்டைப் பெட்டிக்குப் பதிலாக, காயலான் கடையிலிருந்து நிஜப் பொத்தான் பெட்டியையே கொண்டுவந்துவிட்டார். வேஷமும் வேண்டாம், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வா என்றிருந்தார். "நடிக்காத. தெனமும் என்ன செய்வியோ அத செய், போதும்."

மேடையில் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். என் கை பாக்கெட்டுக்குள் போனது, டேப்பை எடுத்தது. பல்லால் கடித்துக் கிழித்து இடது பொத்தானில் ஒட்டினேன். ஒத்திகையில் இது கிடையாது. ஒட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. முன்வரிசை முழுக்க ஆபரேட்டர்கள், ஒருவர்கூட அசையவில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி எழுந்து நின்றாள்.

நாடகம் முடிந்ததும் நேராக மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"நான்தாம்மா சொல்லிக்குடுத்தேன், எல்லாம் நடிப்பு" என்று நிறுவனர் முந்திக்கொண்டார். எங்களை அத்தனை நாள் திட்டியவர், மைக் முன்னால் நிற்பவர்போலக் கத்தினார்.

அவள் என் பாக்கெட்டில் கைவிட்டு, பாதி தீர்ந்துபோன டேப் சுருளை வெளியே எடுத்தாள்.

"இதையும் நீங்கதான் குடுத்தீங்களாண்ணா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என் தலையில கை வெச்சுதான சொன்னீங்க? நான் செத்தா பரவால்லைன்னு இருந்துட்டீங்களா?"