வருத்தம் பார்க்க வந்த பகிடி

கிளிநொச்சியில் எடுக்கப்படும், சனத்தைச் சிரிக்கவைக்கும் ஒரு குடும்பப் பகிடித் தொடரில் அப்பாவாக நடிப்பவன் நான். அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஒரே வேலை லொறி ஓட்டுவது. தொடரை எழுதித் தயாரிப்பவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் ஒரு பெண். முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கைப்பேசியில் சின்னச் சின்னப் பகிடிகளாக எடுக்கத் தொடங்கி, இன்று வாராவாரம் தொலைக்காட்சியில் போகும் அளவுக்கு அதை வளர்த்துவிட்டார். பெரிய கமராக்களோடு கொழும்பில் நாடகம் செய்பவர்கள்கூட அவரை அழைத்து யோசனை கேட்பார்கள். அதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எழுதியதை அவர் முதலில் தன் குசினியில் அயல் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார். அவர்கள் மரக்கறி வெட்டிக்கொண்டோ மீன் துப்புரவாக்கிக்கொண்டோ கேட்பார்கள். வாசிக்கும்போது அவர் முகங்களைப் பார்ப்பதில்லை. முகம் மரியாதைக்கும் சிரிக்கும் என்பார். கைகளைத்தான் பார்ப்பார். வேலை செய்யும் கை நின்றால் அந்த வசனம் தப்பும். இல்லாவிட்டால், எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும் வெட்டிவிடுவார். நான் மன்றாடிய வசனங்களும் அப்படித்தான் போயின.

போன வருடம் எனக்குப் பாரிசவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சுக் குழறியது. நடக்க முடியாமல் போனதைவிட எனக்கு வேறொரு பயம்தான் பெரிதாக இருந்தது. இனி என்னைப் பார்த்தால் சனம் சிரிக்காது, பாவம் என்று உச்சுக்கொட்டும். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த என்னைப் பார்க்க அவர் வந்தபோது, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"என்ர படத்துக்கு ஒரு மாலையைப் போட்டுச் சுவரில கொழுவி விடுங்கோ தங்கச்சி. அப்பா செத்துப்போனார் எண்டு கதையை முடியுங்கோ."

உயிரோடு இருப்பவன் படத்துக்கு மாலையா என்று என் மனைவி அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கோ கோபம் வந்தது.

"உங்களுக்குச் சாக விருப்பமெண்டால் அது உங்கட விசயம் அண்ணை. என்ர நாடகத்தில அப்பா சாக மாட்டார்."

அதன் பிறகு பின்னேரங்களில் வந்து மூலைக் கதிரையில் இருப்பார். என்னைப் பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது என்னைப் பார்க்க வந்தவர்களை. நோய் வருத்தம் பார்க்க வருபவர்களைத் தெரியும்தானே! தோடம்பழத்தையும் பிஸ்கட் பெட்டியையும் வைத்துவிட்டு, இதே வருத்தத்தில் செத்துப்போன யாரோ சொந்தக்காரரின் கதையைத் தொடங்குவார்கள். கனகராயன்குளத்திலிருந்து வந்த பெரியப்பா ஒருவர், செத்தவீட்டுக்கு வந்த சனத்தின் கூட்டம்வரை விபரித்துவிட்டு, "நீ ஒண்டுக்கும் யோசிக்காத" என்று என் தோளில் தட்டினார். வந்த பெட்டிகளில் ஒன்றை என் மனைவி வேறொரு வருத்தக்காரரைப் பார்க்கக் கொண்டுபோக, அது ஊர் சுற்றி இன்னொருவர் கையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

இவ்வளவும் தொடரின் அடுத்த அங்கமாகிவிட்டது. வாய் இழுத்த அப்பா கட்டிலில் கிடக்கிறார், ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். எனக்குக் கடைசியில் ஒரே ஒரு வசனம். வாசிப்பன்று என்னையும் என் மனைவியையும் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்களின் பேச்சையெல்லாம் தானே வாசித்தார். என் முறை வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ர... செத்தவீட்டுக்கும்... உந்தப் பிஸ்கட்டையே... குடுங்கோ."

சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது. நடுவில் ஒருவரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை, கொடுக்க அவர் விடவுமில்லை. பிறகு, தேங்காய் திருவிக்கொண்டிருந்த என் மனைவி வெடித்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவராக, சரியென்று தலையை ஆட்டினார். "கமராவுக்கும் உந்த வேகத்திலயே சொல்லுங்கோ அண்ணை. கெதியாச் சொன்னால் பகிடி போயிடும்."

நான் அழுதுவிட்டேன். அதைக் கண்டும் அந்தப் பெண்கள் சிரிப்பை நிறுத்தவில்லை.