நெருப்புக்கு இடமில்லாத அறை

மாமாவின் தப்பை நினைத்தால் முதலில் வருவது ஓசையன்று, வாசனை. கவாத்து வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சிகளை மூட்டி, தோல் போர்த்திய அந்த வட்டப் பறையைச் சுடரின்மேல் மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். எங்கள் ரிவர்ஸ்டன் மலையின் மூடுபனியில் தோல் தொய்ந்துவிடும். சூடு ஏறினால்தான் பேசும். விரலால் சுண்டிப் பார்த்து, "இன்னும் முழிக்கல," என்று மறுபடியும் தீயில் காட்டுவார்.

அவர் என் அம்மாவின் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சாவுக்கும் திருவிழாவுக்கும் உரிய தப்பை, கல்யாண வீட்டில் கிட்டாரோடு முதலில் சேர்த்தவர் எங்கள் பக்கத்தில் அவர்தான். துள்ளி விழுந்து, ஒரு கணம் மூச்சைப் பிடித்து, மீண்டும் எழும் ஓர் அடி, அவரே கட்டியது. "கல்யாண வூட்ல எழவுக் கொட்டா?" என்று பெரியவர்கள் ஏசினார்கள். "பொணம் எந்திரிக்கலயே, பொண்ணும் மாப்பிள்ளையும்தானே எந்திரிச்சு ஆடுறாங்க," என்பார்.

அந்த அடிக்குக் கிட்டாரோடு பாடியவர் மாத்தளை நகரத்து இளைஞர். கொழும்பில் ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்தபோது இருவரும் போனார்கள். தன் தப்பை ஒருமுறையாவது ரேடியோவில் கேட்டுவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. குளிரூட்டிய அறையில் தோல் தொய்ந்தது. அவர் தீப்பெட்டியை எடுத்ததும் பொறுப்பாளர் பதறிவிட்டாராம்: "உள்ளுக்கு நெருப்புக் கொளுத்தேலாது, ஐசே! பொங்கோ மேளம் அடிக்க ஆள் இருக்கு." அந்த ஆளுக்கு அடி பிடிபடவில்லை. மாமாதான் மேசையில் தட்டிக் கற்றுக்கொடுத்தார். பிறகு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பாடியவர் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடி ஆனார். அவர் கெட்டவர் அல்லர். தொடக்கத்தில் மேடைகளில் மாமாவின் பெயரைச் சொன்னதாகக் கேள்வி. பிறகு பேச்சைச் சுருக்க வேண்டியிருந்திருக்கும்.

மாமாவின் கடைசிக் காலத்தில், தோட்டத்துக் கலைகளைப் பதிவுசெய்ய இரண்டு இளைஞர்கள் கமராவோடு வந்தார்கள். மாத்தளையில் டீச்சராக இருந்த நானும் அன்று அங்கிருந்தேன். இனியாவது அவர் அடி பதிவாகட்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. தப்பைக் காய்ச்சி, அவர் அந்த அடியை வாசித்தார். கை நடுங்கியது, அடி நடுங்கவில்லை. இளைஞர்களில் ஒருவர் பூரித்துப்போனார். "ஐயா, அந்தப் பாட்டோட அடிய அச்சு அசலா அடிக்கிறீங்களே! எங்க பழகுனீங்க?"

நான் வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அவர்களிடம் திரும்பினார்.

"ரேடியோவுல கேட்டுத்தான், தம்பி."

"அது இருக்கட்டும் ஐயா, சாவு அடி ஒண்ணு வாசிங்களேன். அதத் தேடித்தான் வந்தோம்."

கமரா அப்போதுதான் ஓடத் தொடங்கியது. மாமா சாவு அடியை, ஒரு குறையும் வைக்காமல், முழுதாக வாசித்தார்.

வழியனுப்பப் போனபோது உண்மையைச் சொன்னேன். மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். "பதிவு ஏதும் இருக்கா டீச்சர்?" என்றார் ஒருவர். இல்லை. திரும்பி வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். "பொய்யா சொன்னேன்? அந்தப் பாட்ட நான் ரேடியோவுலதானேம்மா கேட்டேன்," என்றார்.

அவர் போய்விட்டார். தப்பு இப்போது மாத்தளையில் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. விளிம்பில் கரி இன்னும் ஒட்டியிருக்கிறது. வாசனை எப்போதோ போய்விட்டது. நாவுல ஊருக்குத் தெருவழியே போகும் பஸ் சில நாட்களில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு போகும். அது கடந்து போனபின், எழுந்து சென்று தோலை விரலால் சுண்டிப் பார்க்கிறேன்.

முழிக்கவில்லை.