சுலக்ஷனாவும் பூட்டிய பயிற்சிக்கூடமும்

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த சுலக்ஷனாவுக்குப் பத்து வயதிலேயே கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியும். அவளுடைய அப்பா செல்லசாமி தேயிலை வேலையை விட்டுவிட்டு, தினமும் நுவரெலியா நகரத்துக்குப் போய்வருகிறவர். அங்கே கோல்ஃப் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் நாள் முழுவதும் நடப்பதுதான் அவருக்கு வேலை. கெடி என்பார்கள். தரையைப் பார்த்ததுமே பந்து எந்தப் பக்கம் உருளும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் கேட்டால்தான் சொல்வார்.

அம்மா பூரணிக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. காலையில் பெயர் பதியும் பெரட்டுக்குப் போய் மாலை வரை மலையேறிக் கொழுந்து பறிக்கிறவளுக்கு, ஒரு வெள்ளைப் பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்து போவது என்ன விளையாட்டு என்று விளங்கவில்லை. “நடக்குறதுக்கா காசு குடுக்குறாங்க?” என்று கேட்பாள்.

உயர்தரப் பரீட்சையில் சுலக்ஷனாவுக்குப் பல்கலைக்கழகம் போகிற அளவுக்குப் புள்ளி வரவில்லை. நகரத்தில் இருந்த ஒரு ஹோட்டல் முகாமைத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே ஐந்து பேர் கொண்ட ஒரு கோல்ஃப் அணி இருந்தது. ஹோட்டலுக்கு வருகிறவர்கள் ஆடும் விளையாட்டு, பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு விரிவுரையாளர் தொடங்கியது. அவர் ஓர் ஆண்டில் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அணி மட்டும் மிஞ்சியது. அடித்துக் காட்டச் சொன்னார்கள். சுலக்ஷனா முதல் நாளே எல்லோரையும்விட நேராக அடித்தாள். அடுத்த மாதம் அவளைத் தலைவி ஆக்கிவிட்டார்கள்.

கல்லூரிக்குக் கீழே தேயிலை பிடுங்கிய ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அணி அதைத்தான் மைதானம் ஆக்கிக்கொண்டது. ஜெனுஷன் என்ற பையன் ஹட்டனிலிருந்து ஒரு புல்வெட்டி கொண்டுவந்தான். டின்பால் டின்களை மண்ணில் புதைத்துக் குழிகள் வைத்தார்கள். நாலரை மணிக்கு வகுப்பு முடிந்ததும் இருட்டும் வரை ஆடுவார்கள். பனி இறங்கினால் பந்து தெரியாது, சத்தத்தை வைத்துத் தேடுவார்கள். அந்த வருடம் கொழும்பில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எட்டு அணிகளில் மூன்றாவதாக வந்தார்கள். சுலக்ஷனாவின் படம் கல்லூரியின் முகப்பில் பெரிதாகத் தொங்கியது.

அந்த மூன்றாம் இடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

டுபாயில் பெரிய ஹோட்டலொன்றில் முகாமையாளராக இருந்த பழைய மாணவர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு, அணிக்கு ஒரு பயிற்சிக்கூடம் கட்டித் தருகிறேன் என்றார். கட்டுவதற்கு இடம்? கீழே கிடந்த அதே துண்டு நிலம்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் மண்வெட்டும் இயந்திரம் வந்து நின்றது. டின்களைத் தோண்டி எடுக்கக்கூட அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

“பரவாயில்ல சுலா,” என்றான் ஜெனுஷன். “வந்தப்புறம் பாரு, மழையிலயும் அடிக்கலாம்.”

எட்டு மாதம் கட்டினார்கள். அந்த எட்டு மாதமும் அணி ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தப்பளைக்குப் பஸ் ஏறிப் போய், தோட்டத்து ஃபுட்போல் மைதானத்தின் ஒரு மூலையில் ஆடியது. புல் முழங்கால் உயரம். ஆடிய நேரத்தைவிடப் பந்து தேடிய நேரம் அதிகம். கூடம் வரட்டும் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

பெப்ரவரியில் திறப்பு விழா. முகப்பு முழுவதும் கண்ணாடி. உள்ளே வலை கட்டிய ஐந்து தடுப்புகள், அடித்த பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று காட்டும் பெரிய திரை, பச்சைக் கம்பளத்தில் ஆறு குழிகள். அணியினருக்குப் புது டீஷர்ட் கொடுத்து, பாற்சோற்றுத் தட்டுகளைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். விருந்தினர்கள் ரிப்பன் வெட்டி உள்ளே போய் ஆளுக்கொரு பந்து அடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அணிக்கு அன்று பந்து கிடைக்கவில்லை.

“நாளைக்கு வாங்க,” என்றார் நிர்வாக அதிகாரி யேசுரட்ணம்.

மறுநாள் போனார்கள். பூட்டியிருந்தது.

சுலக்ஷனா அவருடைய அறைக்குப் போனாள். “சார், சாவி குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

“அந்தத் திரைக்குப் பொறுப்பான ஆள் கொழும்புலருந்து வரணும். அவர் வந்து காட்டிக் குடுக்காம தொட்டோம்னா கேரண்டி போயிரும்.”

“திரை வேணாம் சார். கம்பளத்துல உருட்டிக்கிறோம்.”

“கம்பளமும் திரையும் ஒரே கட்டடத்துலதானே இருக்கு? கதவு ஒண்ணுதானே?”

அவள் வெளியே வந்தாள். யேசுரட்ணம் கெட்டவர் அல்ல. முன்பொரு தடவை யாரோ ஒரு புரொஜெக்டரை உடைத்துவிட, மூன்று மாதம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான். அன்றிலிருந்து ஒரு பொருளை யாரும் தொடாமல் இருப்பதுதான் அவருக்கு நிம்மதி.

கொழும்பு ஆள் மார்ச்சில் வந்தார், காட்டினார், போனார். பிறகு காப்புறுதிப் பத்திரம் வரவில்லை என்றார்கள். அது வந்ததும், பயிற்றுநர் ஒருவர் இல்லாமல் மாணவர்களை உள்ளே விட முடியாது என்றார்கள். பயிற்றுநரை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டால், கூடம் இயங்க ஆரம்பித்த பிறகு என்றார்கள். சுலக்ஷனா தமிழில் ஒரு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. சிநேகிதி ஒருத்தியைக் கொண்டு சிங்களத்தில் எழுதினாள். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினாள். மூன்றிலும் ‘கிடைத்தது’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஒருநாள் கூடத்துக்குப் பக்கத்தில் பாய் அகலத்துக்குக் கிடந்த புல்லில் பந்தை உருட்டிப் பார்த்தார்கள். காவலாளி பண்டார ஓடி வந்தார். நல்ல மனிதர், முகம் வாடிப்போய், “பே நங்கி, பே,” என்றார். முடியாது தங்கச்சி. கண்ணாடியில் பட்டால் அவர் வேலை போய்விடும். சுலக்ஷனா மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். தடுப்புகளில் சுற்றிய பொலித்தீனைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

ஜூனில் போட்டி வந்தது. சுலக்ஷனா தூரத்துக்கு அடித்ததெல்லாம் சரியாகவே இருந்தது. குழிக்குப் பக்கத்தில் போனதும்தான் பந்து சொன்ன பக்கம் போகவில்லை. ஒரு வருடமாக ஒழுங்காக வெட்டிய புல்லில் பந்து உருட்டாத கை. மூன்றடித் தூரத்தில் ஐந்து தடவை தவறவிட்டாள். எட்டு அணிகளில் எட்டாவது இடம்.

சாப்பாட்டு நேரத்தில் வேறொரு கல்லூரிப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒங்களுக்குத்தானே புதுசா கூடம் கட்டியிருக்காங்க? ஃபேஸ்புக்ல பாத்தேன். குடுத்து வச்சவங்க நீங்க.”

சுலக்ஷனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஜூலை முதல் வாரம் யேசுரட்ணம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் ஒரு புதுப் பதிவேடு. திகதி, நேரம், கையொப்பம் என்று கட்டம் போட்டு, ஐம்பத்திரண்டு திகதிகளை ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்கள். பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை, கிழமைக்கு மூன்று நாள் வீதம்.

“டுபாய்லருந்து அறிக்கை கேக்குறாங்க. அணி எத்தன நாள் பாவிச்சிச்சுன்னு அனுப்பணும். தலைவிங்கிற மொறையில நீ கையெழுத்துப் போட்டுரு.”

“நாங்க ஒரு நாள் கூட உள்ள போகலயே சார்.”

“தெரியும்மா. இது சும்மா ஒரு நடைமுறை. இத அனுப்புனாத்தான் அடுத்த வேல நடக்கும். ஒங்க நன்மைக்குத்தான் சொல்றேன்.”

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கென்டீனுக்குப் போனாள். ஜெனுஷன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான்.

“போட்டுக் குடுத்துருவோம் சுலா. அப்பவாச்சும் தொறப்பாங்க.”

“தொறக்க மாட்டாங்க. நாம நல்லா ஆடிக்கிட்டுத்தான் இருக்கோம்னு காயிதம் சொல்லும். அப்புறம் எதுக்குத் தொறக்கணும்?”

“அப்ப என்னா செய்யப் போற?”

அவள் பேனாவைத் திறந்தாள். முதல் கட்டத்தில், கையொப்பம் போட வேண்டிய இடத்தில், ‘பூட்டியிருந்தது’ என்று எழுதினாள். இரண்டாவது கட்டத்திலும் அதையே எழுதினாள். முப்பதாவது வரும்போது விரல் மரத்துப்போனது. மேலே உள்ளதுதான் என்று இரண்டு கோடு போட்டிருக்கலாம். போடவில்லை. ஐம்பத்திரண்டும் எழுதி முடித்து, அடியில் முழுப் பெயரையும் போட்டுக் கையொப்பம் வைத்தாள். பக்கங்களைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் செல்லசாமியை வரச் சொன்னார்கள். அவர் வேலையிலிருந்து பாதியில், சட்டையில் கெடி இலக்கம் குத்தியபடியே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லூரிப் பணிப்பாளர் முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒங்க மகள் கல்லூரி ஆவணத்த நாசமாக்கிட்டா. டிப்ளோமாவ நிறுத்தி வைக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு,” என்றார் பணிப்பாளர்.

“மன்னிச்சிக்கிங்க சார். தெரியாம செஞ்சிருச்சி.”

சுலக்ஷனா குறுக்கிட்டாள். “தெரியாம செய்யலப்பா. தெரிஞ்சிதான் செஞ்சேன். அதுல எழுதியிருக்கது பொய்யான்னு அவங்களையே கேளுங்க.”

செல்லசாமி கேட்கவில்லை. அவர்கள் நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில், மகளுக்காக, தன்னுடைய கையொப்பத்தை மெதுவாகப் போட்டார்.

கந்தப்பளைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர்தான் கொஞ்ச தூரம் போன பிறகு, “டிப்ளோமா கெடைக்கணும்ல புள்ள,” என்றார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடியும் வாய் திறந்தார்.

“அம்பத்திரெண்டு தடவையுமா எழுதுன?”

“ஆமா.”

“கை வலிச்சிருக்குமே.”

அவளுக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அன்று மாலை டுபாய்க்காரரின் முகநூலைத் தேடிப் பிடித்து, பதிவேட்டின் படங்களை அனுப்பி, நடந்ததையும் எழுதினாள். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. ‘படங்கள் பார்த்தேன். கூடம் மிக அழகாக இருக்கிறது. தொடர்ந்து விளையாடுங்கள், வாழ்த்துகள்.’ அவர் அவள் எழுதியதைப் படித்தாரா, கல்லூரி போட்ட படங்களைத்தான் சொல்கிறாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. திரும்ப எழுதினாள். அதற்குப் பதில் இல்லை.

தலைவி பதவி போனது. ஜெனுஷனைத் தலைவன் ஆக்கினார்கள். புதிதாக அச்சடித்த பதிவேட்டில் அவன் ஐம்பத்திரண்டு கையொப்பம் போட்டுக் கொடுத்தான். அதை மறைக்காமல் அவனே வந்து சொன்னான். “எனக்கு வேற வழி தெரியல சுலா.” அவனைத் திட்ட வேண்டும் என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அதற்கும் மனம் வரவில்லை. ஆனால் அவனோடு பழைய மாதிரிப் பேச அவளால் முடியவில்லை.

செப்டம்பரில் கூடத்தைத் திறந்தார்கள். சனி ஞாயிறு, நகரத்து ஹோட்டல்களில் தங்கும் விருந்தினருக்கு. மாணவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும், பகல் இரண்டு முதல் நாலு வரை. இறுதி வருட மாணவர்களுக்கு அந்த நேரத்தில்தான் சமையல் செய்முறை வகுப்பு. நேரத்தை மாற்றித் தரச் சொல்லி சுலக்ஷனா கேட்டாள். கோரிக்கையை எழுத்தில் தரும்படி சொன்னார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்த கிழமை, ஒரு வியாழக்கிழமை, மூன்றரை மணிக்கு அவள் உள்ளே போனாள். முதலும் கடைசியுமாக. கம்பளத்தில் பந்தை உருட்டினாள். ஆறு குழியிலும் விழுந்தது. திரும்ப உருட்டினாள், திரும்பவும் விழுந்தது. கம்பளத்தில் மேடும் இல்லை, சரிவும் இல்லை. இதில் ஒரு வருடம் பழகியிருந்தாலும் ஜூனில் மூன்றடிப் பந்து போயிருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இதற்காகவா இவ்வளவு அலைந்தோம் என்று நினைத்தபோது, கட்டியவர்கள் மேல் வந்த கோபம் தன் மேலும் வந்தது. நாலு மணிக்குப் பண்டார கண்ணாடியில் தட்டினார்.

டிப்ளோமா கிடைத்தது. இப்போது சுலக்ஷனா நகரத்து ஹோட்டலொன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். மூன்று மொழியிலும் பேசுகிறாள். சம்பளத்தில் அம்மாவுக்கு முழங்கால் வைத்தியம் பார்க்கிறாள். மட்டையைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன மாதம் பிரியந்தி என்ற முதல் வருட மாணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். அணியில் புதிதாகச் சேர்ந்தவளாம். கூடத்தின் நேரத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது தினமும் நாலரை முதல் ஆறரை வரை மாணவர்களுக்குத்தான் என்றாள்.

“யாரு மாத்துனாங்க?” என்று சுலக்ஷனா கேட்டாள்.

“யாரும் கேக்கலக்கா. பின்னேரத்துல விருந்தாளிங்க வர்றதில்லன்னு அவங்களாவே மாத்திட்டாங்க.”

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். “நல்லதும்மா, நேரத்துக்குப் போயிருங்க,” என்று சொல்லி வைத்தாள். ஆனால் அன்று வேலை முடியும் வரை அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. கண்டிக்கு வாகனம் கேட்ட விருந்தாளி ஒருவரை எதிர்ப்பக்கம் பதுளைக்குப் போகிற வாகனத்தில் ஏற்றிவிட்டு, பிறகு வாசல் வரை ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தாள்.